கூண்டு வாங்கும் முன் பானையைப் பாருங்கள்

கேளம்பாக்கத்தில் ஒரு தலைமுறைக்கு முன் பழைய மாமல்லபுரம் சாலையில் நின்றால் வயலும் உப்பளமும்தான் கண்ணில் படும். இன்று அதே சாலையில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் வரிசை கட்டி நிற்கின்றன. மிச்சமிருக்கும் வயலில் பாடுபடும் குடும்பமும், மாடி வீட்டில் குடியேறிய குடும்பமும் ஒரே கடைத்தெருவில்தான் சாமான் வாங்குகின்றன. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் கேட்பது ஒன்றுதான்: முயல் வேண்டும், கினிப்பன்றி வேண்டும், லவ் பேர்ட்ஸ் வேண்டும், குட்டி ஆமை வேண்டும்.

பள்ளி விடுமுறை தொடங்கியதும் பிராணியை வாங்குகிறார்கள். கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் வண்ணப் பிளாஸ்டிக் கூண்டு, தண்ணீர்ப் புட்டி, தீவனப் பொட்டலம் எல்லாம் சேர்ந்து வீட்டுக்கு வருகின்றன. மே மாதம் முடிவதற்குள் பிராணி செத்துப்போகிறது. "நமக்கு ராசியில்லை" என்று சொல்லி, கூண்டைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். ராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெரும்பாலான வீடுகளில் பிராணியைக் கொல்வது நோயை விடப் பொருத்தமில்லாத கூண்டும், அதை வைத்த இடமும்தான்.

எந்தப் பிராணிக்கு எந்தச் சாமான் பொருந்தும் என்பதை அறிய வெகுதூரம் போக வேண்டாம். கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் சாலையில் போய், கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே திரும்பினால் வடநெம்மேலி. 1976இல் தொடங்கிய முதலைப் பண்ணை அங்கேதான் இருக்கிறது. அந்த வளாகத்துக்குள்ளேயே இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கமும் 1978 முதல் இயங்கி வருகிறது. அங்கே பாம்புகளை வைத்திருக்கும் சாமான் எது தெரியுமா? மண் பானை.

பானைக்குள் இருக்கும் கணக்கு

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், அதன் பின் வந்த பாம்புத் தோல் ஏற்றுமதித் தடையும் இருளர்களின் பழைய பிழைப்பை நிறுத்தின. அதற்கு மாற்றாகத் தோன்றியதுதான் இந்தச் சங்கம். வனத்துறை அனுமதியுடன் உறுப்பினர்கள் நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் வயல்வெளிகளில் பிடித்து வருகிறார்கள். சில வாரங்கள் வைத்திருந்து, இடைவெளி விட்டு விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் இட்டு, மீண்டும் வெளியில் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷம் உலர்த்தப்பட்டு, பாம்புக்கடி மருந்து தயாரிக்கும் நிறுவனங்களுக்குப் போகிறது. அரசு மருத்துவமனையில் பாம்பு கடித்த விவசாயிக்கு ஏற்றும் மருந்தின் தொடக்கம் இந்தப் பானையில் இருக்கிறது.

விலை உயர்ந்த கண்ணாடிப் பெட்டி இருக்க, பானை எதற்கு? மண் பானையின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. ஈரம் அவற்றின் வழியே கசிந்து ஆவியாகும்போது பானை குளிர்கிறது. குடிநீர்ப் பானையில் நடப்பதும் இதுதான். அடியில் போடும் மணல் கழிவின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். வாயில் கட்டும் பருத்தித் துணி காற்றை விடும், பாம்பை விடாது. உள்ளே இருட்டாக இருப்பதால் பாம்பு மிரளாமல் சுருண்டு கிடக்கும். அழுக்கானால் கழுவி வெயிலில் காய வைக்கலாம். உடைந்தால் பெரிய நஷ்டமில்லை.

இதைக் கவனித்தால், எந்த வளர்ப்புப் பிராணியின் கூண்டுக்கும் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள் கிடைத்துவிடும். வெயிலில் சூடேறாமல் இருக்குமா? காற்று ஓடுமா? தரை உலர்ந்திருக்குமா? ஒளிந்துகொள்ள இருட்டான மூலை உண்டா? உள்ளே இருப்பது தப்பாமலும், வெளியே இருப்பது நுழையாமலும் இருக்குமா? ஐந்துக்கும் "ஆம்" என்றால் எந்தக் கூண்டானாலும் நல்ல கூண்டு. நிறமும் அலங்காரமும் பிராணிக்காகச் செய்யப்படுவதில்லை, வாங்குபவருக்காகச் செய்யப்படுகின்றன.

சட்டத்தைத் தாண்டிச் சாமான் வாங்க வேண்டாம்

சாமான் பட்டியல் போடும் முன், பிராணியை வைத்திருக்கவே அனுமதி உண்டா என்று பார்க்க வேண்டும். நட்சத்திர ஆமை, வயலிலும் கிணற்றிலும் கிடைக்கும் பால் ஆமை, உடும்பு, மலைப்பாம்பு எல்லாம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. இவற்றைப் பிடிப்பதும் விற்பதும் வாங்கி வைத்திருப்பதும் குற்றம். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இத்தகைய குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. பச்சைக்கிளியும் பாதுகாக்கப்பட்ட பறவைதான். ஆமையை வீட்டில் வைத்தால் செல்வம் சேரும் என்ற நம்பிக்கையை வைத்து வியாபாரம் செய்பவர்கள் இருக்கிறார்கள். அதை நம்பி வாங்கிய குடும்பம் வழக்குச் செலவுக்கு நகையை அடகு வைக்க நேரிடும்.

முயல், கினிப்பன்றி, ஹாம்ஸ்டர், லவ் பேர்ட்ஸ் போன்றவற்றுக்கு இந்தத் தடை இல்லை. இகுவானா, பந்து மலைப்பாம்பு, பெரிய வெளிநாட்டுக் கிளிகள் போன்றவற்றை வைத்திருப்பவர்கள், 2024ஆம் ஆண்டு விதிகளின்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கடைக்கும் கட்டுப்பாடு உண்டு. 2018ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி, ஒவ்வொரு கடையும் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் கேட்பதும், ரசீது வாங்குவதும் வாங்குபவரின் உரிமை. ரசீது தரத் தயங்கும் கடையில் கூண்டுகூட வாங்காமல் இருப்பது நல்லது.

முயல் கூண்டு: வலைதான் முக்கியம்

முயலுக்கு வியர்க்காது. உடல் சூட்டைப் பெரும்பாலும் காதுகளின் வழியே வெளியேற்றுகிறது. வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே அதற்குத் திணறல் தொடங்கிவிடும். சென்னைப் புறநகரில் மே மாதத்தில் 38, 40 டிகிரி சாதாரணம். அதனால் மொட்டை மாடியும், தகரக் கூரையின் கீழும் முயலுக்கு ஆகாது. மர நிழல், கீற்றுக் கொட்டகை, கிழக்குப் பார்த்த தாழ்வாரம் ஆகியவை ஏற்றவை. தகரம்தான் இருக்கிறது என்றால் மேலே தென்னங்கீற்றைப் பரப்ப வேண்டும். கடற்காற்று வரும் பக்கத்தைத் திறந்து வைத்து, மதிய நேரத்தில் அங்கே ஈரச் சாக்கைத் தொங்கவிடலாம். மழைக்காலத்தில் சாரல் வடகிழக்கிலிருந்து அடிக்கும். அந்தப் பக்கம் மட்டும் இறக்கி ஏற்றும் படுதா தேவை.

வளர்ந்த ஆண் முயலுக்கு 4 சதுர அடி, தாய் முயலுக்கு 5 சதுர அடி இடம் வேண்டும். கடையில் விற்கும் பல 'முயல் கூண்டுகள்' இதில் பாதிகூட இருப்பதில்லை. கையோடு ஒரு அளவு நாடா கொண்டுபோவது நல்லது. முயல் பின்னங்காலில் நிமிர்ந்து உட்காரும்போது காது கூரையில் இடிக்கக் கூடாது. கூண்டு தரையிலிருந்து இரண்டரை முதல் மூன்று அடி உயரத்தில் நிற்க வேண்டும். மூத்திரமும் புழுக்கையும் கீழே விழுந்துவிட்டால் அம்மோனியா நெடி மூக்கில் ஏறாது. விழும் புழுக்கை தோட்டத்துக்கு நல்ல உரம்.

அடித்தளத்துக்குக் கனமான பற்றவைத்த கம்பி வலை தேவை. அரை அங்குலத்துக்கு ஒரு அங்குலக் கண் போதும். கண் பெரிதானால் குட்டியின் கால் நழுவி முறியும். கோழிக்குப் போடும் அறுகோண வலையை அடியில் போட்டால் பாதம் புண்ணாகும். எந்த வலை போட்டாலும் ஒரு மூலையில் பலகையோ, தென்னை நார்ப் பாயோ வைத்தால் முயல் அதில் கால் நீட்டிப் படுக்கும்.

கேளம்பாக்கம் போன்ற உப்புக்காற்று வீசும் ஊர்களில் வலையின் துத்தநாகப் பூச்சைக் கவனித்து வாங்க வேண்டும். பூச்சுப் பூசிய கம்பியை எடுத்துப் பிறகு பற்றவைத்த வலையில், பற்றவைப்பின் சூட்டில் பூச்சு எரிந்துபோயிருக்கும். அந்தப் புள்ளிகளில் சீக்கிரமே துரு பிடித்து, கம்பி பிட்டுக்கொண்டு வரும். பற்றவைத்த பிறகு பூச்சில் முக்கி எடுத்த வலையின் சந்திப்புகளில் துத்தநாகம் கட்டியாகப் படிந்து தெரியும். விலை கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் பல மடங்கு நாள் உழைக்கும். புது வலையில் உதிரும் துத்தநாகத் துகளைப் பறவையோ முயலோ கொறித்தால் நஞ்சாகிவிடும். கூண்டு வந்ததும் வினிகர் தொட்ட பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்து, தண்ணீரில் அலசி, சில நாள் வெயிலில் வைத்த பிறகே பிராணியை விட வேண்டும்.

கினிப்பன்றிக்கு முயல் கூண்டு ஆகாது

முயலுக்குச் சொன்ன கம்பித் தளத்தைக் கினிப்பன்றிக்குப் போட்டால் அதன் பாதம் வீங்கிப் புண்ணாகும், சின்னக் கால் வலையில் சிக்கி முறியும். அதற்கு வழவழப்பான கெட்டித் தரையும், மேலே மூன்று விரல் உயரத்துக்குப் படுக்கையும் தேவை. உயரத் தாவாத பிராணி என்பதால் அகலமான, நீளமான பெட்டி வேண்டும், மாடி அடுக்குகள் வேண்டாம். படுக்கைக்குக் காய்ந்த புல்லோ, பூஞ்சணம் பிடிக்காத வைக்கோலோ போதும். உமி தூசி கிளப்பும், கூர்முனை கண்ணில் குத்தும். தச்சுப் பட்டறைச் சீவல் வாங்கினால் பாலிஷ், பசை, பூச்சி மருந்து ஏறிய மரத்தின் சீவலா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பைன் மரத்தின் பச்சைச் சீவலில் வரும் கடும் மணம் மூச்சுக்குழாயைப் பாதிக்கும்.

மனிதனைப் போலவே கினிப்பன்றியின் உடலும் வைட்டமின் சி-யைத் தானாகத் தயாரிக்காது. தினமும் பச்சைத் தீனியில் கிடைத்தாக வேண்டும். கடைக் குருணைத் தீவனத்தில் அந்த வைட்டமின் சேர்த்திருந்தாலும், தயாரித்த நாளிலிருந்து மூன்று மாதத்தில் வீரியம் குறைந்துவிடும். அதனால் மூட்டையாக வாங்காமல், தயாரிப்புத் தேதி பார்த்து ஒரு மாதத்துக்குப் போதுமானதை மட்டும் வாங்க வேண்டும். கொத்தமல்லித் தழை, குடைமிளகாய்த் துண்டு, நெல்லிக்காய்த் துணுக்கு ஆகியவை விலை மலிவான நல்ல துணை.

ஒளிந்துகொள்ள மூலையில்லாத கினிப்பன்றி பயத்திலேயே தீனி எடுக்காது. கடையில் விற்கும் பிளாஸ்டிக் குடிலைவிட, வாய் அகன்ற மண் பானையைப் படுக்கவைத்து விளிம்பைக் கல்லில் தேய்த்து மழுக்கி வைத்தால் போதும். மேலே கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் கோடையில் உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். லவ் பேர்ட்ஸ் கூண்டில் முட்டையிடப் பானை கட்டுவது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததே.

ஹாம்ஸ்டருக்குக் கண்ணாடித் தொட்டி விற்பார்கள். காற்றோட்டமில்லாத கண்ணாடித் தொட்டி நம் வெயிலுக்கு அடுப்பு மாதிரி. அகன்ற பிளாஸ்டிக் பெட்டியின் மூடியில் பெரிய சதுரம் வெட்டி, நெருக்கமான கம்பி வலை பதித்தால் அதைவிட நல்ல வீடு கிடைக்கும். ஓடும் சக்கரம் வாங்கினால் ஏணிப்படி போன்ற கம்பிச் சக்கரம் வேண்டாம், கால் மாட்டும். ஓடும் தளம் இடைவெளி இல்லாமல் மூடியிருக்க வேண்டும். எலி வளையானாலும் தனி வளை என்பது ஹாம்ஸ்டருக்கு அப்படியே பொருந்தும். சிரிய ஹாம்ஸ்டர் இரண்டை ஒரே கூண்டில் விட்டால் கடித்துக் குதறிக்கொள்ளும்.

தண்ணீரும் தீவனமும்

தலைகீழாகத் தொங்கும் தண்ணீர்ப் புட்டி சுத்தமானது. ஆனால் அதன் முனையில் இருக்கும் சிறு குண்டு சிக்கிக்கொண்டால், புட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் பிராணி தாகத்தால் சாகும். தினமும் விரலால் அழுத்திச் சொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். கோடையில் புட்டியோடு ஒரு கனமான மண் சட்டியிலும் தண்ணீர் வைத்தால் கவலையில்லை. புட்டியில் வெயில் பட்டால் பாசி படியும், தண்ணீரும் சூடாகும்.

குருணைத் தீவனத்தைக் கடலோர ஈரக்காற்றில் திறந்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். அந்தப் பூஞ்சண நஞ்சு முயலுக்கு மிகவும் ஆபத்து. மூடி இறுக்கமான டின்னில் வைக்க வேண்டும். புளித்த வாடை அடித்தால் பணத்தைப் பார்க்காமல் குப்பையில் கொட்டிவிட வேண்டும். அதை ஆட்டுக்கோ கோழிக்கோ போட்டுத் தீர்ப்பதும் தவறு. வேலி மசால், முயல் மசால், அகத்தி, கல்யாண முருங்கை இருக்கும் வீட்டில் தீவனச் செலவு பாதியாகும். காய்கறி வயலில் கழித்த தழையைப் போடுவதாக இருந்தால், கடைசியாக மருந்தடித்த தேதியைக் கேட்ட பிறகே போட வேண்டும். தழையில் ஒட்டியிருக்கும் மருந்து, பண்ணைக் கால்நடையைவிட ஒரு கிலோ எடைப் பிராணியை வேகமாகத் தாக்கும்.

முயலுக்குச் சொறி வந்தால் பயிருக்கு அடிக்கும் மருந்தைக் கூண்டில் தெளிக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது கூடவே கூடாது. கால்நடை மருத்துவரிடம் காட்டினால் அதற்கென்று இருக்கும் மருந்தைச் சரியான அளவில் தருவார்.

ஆமைத் தொட்டி: குளிர் நாட்டுச் சாமான் எதற்கு?

கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு உள்ள குட்டி ஆமைதான் நகரக் கடைகளில் அதிகம் விற்கும் ஊர்வன. ஐம்பது பைசா நாணயத்தைவிடச் சற்றே பெரிதாக இருக்கும்போது விற்பார்கள். சில ஆண்டுகளில் அது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும், 20, 30 ஆண்டு வாழும். உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் டப்பாவும், அதில் ஒரு பிளாஸ்டிக் தென்னை மரமும் அதற்கு வீடாகாது. முழுசாக நீந்தத் தண்ணீர், ஏறி உடம்பைக் காய வைக்க ஒரு கல், கழிவை வடிக்கும் வடிகட்டி ஆகிய மூன்றும் வேண்டும். இவற்றை அத்தனை ஆண்டும் தர முடியாது என்றால் வாங்காமல் இருப்பதே நல்லது.

கடையில் தண்ணீர் சூடாக்கும் கருவி, சூடு தரும் விளக்கு, சூடேறும் கல் என்று அடுக்குவார்கள். இவை குளிர் நாடுகளுக்காகச் செய்யப்பட்டவை. சென்னைப் புறநகரில் ஆண்டின் பெரும்பகுதி இவை தேவையில்லை. தெரியாமல் போட்டுவிட்டால் தண்ணீர் வெந்நீராகிவிடும்.

ஆனால் ஊர்வனவற்றுக்குச் சூட்டைவிட முக்கியமான ஒன்று உண்டு. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரின் ஒரு வகை தோலில் பட்டால்தான் அவற்றின் உடலில் வைட்டமின் டி உருவாகி, சுண்ணாம்புச் சத்து எலும்பிலும் ஓட்டிலும் சேரும். அது கிடைக்காவிட்டால் ஆமை ஓடு மெத்தென்று ஆகிவிடும், கால் வளையும். சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரைத் தடுத்துவிடும். ஆகவே ஜன்னலோரம் தொட்டியை வைத்து "வெயில் படுகிறதே" என்று திருப்திப்பட முடியாது. காலை வெயிலில் நேரடியாக, பாதி நிழல் உள்ள தொட்டியில் கொஞ்ச நேரம் விட வேண்டும். மாடி வீட்டில் அதற்கு வழியில்லை என்றால் புற ஊதா விளக்கு வாங்கலாம். அந்த விளக்கு வெளிச்சம் தந்துகொண்டிருந்தாலும், ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டுக்குள் கதிர்வீச்சு குறைந்துவிடும். வாங்கிய தேதியை விளக்கின் மேலேயே எழுதி வைப்பது நல்லது. ஆமையைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும். அதன் உடலில் இருக்கும் சால்மோனெல்லா கிருமி வயிற்றுப்போக்கை உண்டாக்கும்.

வளர்க்க முடியாமல் போனால் ஏரியில் விட்டுவிடலாம் என்று நினைப்பது எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. வட அமெரிக்காவைச் சேர்ந்த இந்த ஆமை நம் ஏரியில் பெருகினால் நம் ஊர் ஆமைகளின் இடத்தையும் தீனியையும் பறித்துக்கொள்ளும். இதற்கு இருளர்களே சாட்சி. அமெரிக்காவின் புளோரிடாவில் வளர்ப்புப் பிராணிகளாக வந்து, தப்பியும் விடப்பட்டும் காட்டில் பெருகிய பர்மிய மலைப்பாம்புகள் அங்குள்ள சிறு விலங்குகளை அழித்து வந்தன. அவற்றைத் தேடிப் பிடிக்க 2017இல் செங்கல்பட்டுப் பகுதியின் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அழைக்கப்பட்டார்கள். நாய்களாலும் கருவிகளாலும் கண்டுபிடிக்கச் சிரமமாக இருந்த பாம்புகளை, தடம் பார்க்கும் கண்ணாலேயே பிடித்துக் கொடுத்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஒரு நாட்டின் வளர்ப்புப் பிராணி விளையாட்டு எங்கே போய் முடியும் என்பதற்கு அது பாடம்.

கூண்டு இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும்

கூண்டின் அடியில் தீவனம் சிதறும், அதைத் தேடி எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. எனவே கூண்டுச் சாமானோடு குடும்பத்தின் பாதுகாப்புச் சாமானையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

முதலில் வேண்டியது மூடியுள்ள தீவன டின். அடுத்தது கூண்டின் எல்லாப் பக்கமும் அரை அங்குலத்துக்கு மேல் கண் இல்லாத வலை. குட்டிகள் இருக்கும் கூண்டுக்கு இன்னும் நெருக்கமாக இருக்கலாம். மூன்றாவது நல்ல டார்ச் விளக்கு. இரவில் கூண்டுப் பக்கம் போகும் எவரும் அது இல்லாமல் போகக் கூடாது. நான்காவது முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ். கூண்டைச் சுற்றிச் செங்கல், விறகு, ஓட்டுக் குவியல் இருந்தால் அகற்ற வேண்டும். கட்டு விரியன் இரவில் வீட்டுக்குள் வந்து தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், கடித்தது பல நேரம் தெரிவதே இல்லை. கட்டிலும், பாயின் அடியில் செருகிய கொசுவலையும் விலை குறைந்த பாதுகாப்பு.

வாங்கக் கூடாத சாமானும் உண்டு. பழைய நைலான் மீன் வலையைக் கூண்டைச் சுற்றிக் கட்டினால், எலியைத் தின்று உதவும் சாரைப்பாம்பு அதில் சிக்கி அறுபட்டுச் சாகும். நல்ல பாம்பு சிக்கினால், விடுவிக்கப் போகும் ஆள் கடி வாங்குவார். இணையத்தில் விற்கும் பாம்புப் பிடி கொக்கியை வாங்கித் தாமே பிடிக்க முயல்வது இன்னும் ஆபத்து. இருளர்களின் கையில் இருப்பது சிறு கடப்பாரையும் துணிப்பையும்தான், ஆனால் அதன் பின்னால் தலைமுறைகளின் பழக்கம் இருக்கிறது. அதைக் கடையில் வாங்க முடியாது. பாம்பைப் பார்த்தால் தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ சொல்லிவிட்டு, அது போகும் திசையைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

கடித்துவிட்டால் அறுப்பது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, 108 அழைத்து, அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வாசகர்கள் வழக்கமாகக் கேட்பவை

*கிணற்றில் கிடைத்த ஆமையைத் தொட்டியில் வைத்து வளர்க்கலாமா?*

கூடாது. நம் ஊர்க் கிணற்றிலும் வயலிலும் கிடைப்பவை பாதுகாக்கப்பட்ட ஆமைகள். கிடைத்த நீர்நிலையிலேயே விட்டுவிட வேண்டும். காயம் பட்டிருந்தால் வனத்துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

*பாம்பு வராமல் இருக்கக் கூண்டைச் சுற்றிப் பவுடரோ, போரேட் குருணையோ தூவலாமா?*

போரேட் 2020 இறுதியோடு தடை செய்யப்பட்ட மருந்து. அது பாம்பைவிட முயலுக்கும் பிள்ளைகளுக்கும்தான் எமன். கடைகளில் விற்கும் பாம்பு விரட்டிப் பவுடரையும், பூண்டுக் கரைசலையும் நம்பி இருக்க முடியாது. எலியை ஒழித்து, சுற்றுப்புறத்தைச் சுத்தமாக வைப்பதுதான் வழி.

*பழைய கூண்டு மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?*

வலையில் துரு இல்லாமல், பற்றவைப்பு விடாமல் இருந்தால் வாங்கலாம். முயலுக்கு வரும் ரத்தக் கழிச்சல் கிருமியின் முட்டை சாதாரணக் கிருமிநாசினிக்குச் சாகாது. சோப்பு நீரில் தேய்த்துக் கழுவி, கொதிநீர் ஊற்றி, கம்பி வலையின் மேல் தீச்சுவாலை காட்டி, ஒரு வாரம் வெயிலில் போட வேண்டும். பழைய மரக் கூண்டின் இடுக்குகளைச் சுத்தம் செய்வது கடினம். அதைத் தவிர்ப்பது நல்லது.

*குடியிருப்புகள் பெருகும் ஊரில் இதை ஒரு பக்க வருமானமாகச் செய்யலாமா?*

பிராணியை விற்பதற்குப் பதிவும் பொறுப்பும் தேவை. சாமானுக்கு அந்தச் சிக்கல் இல்லை. சுத்தமான காய்ந்த புல், மருந்தடிக்காத வேலி மசால் கட்டு, விளிம்பு மழுக்கிய மண் பானை, சரியான அளவில் செய்த கூண்டு ஆகியவற்றை மாடி வீடுகளில் பிராணி வளர்ப்பவர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நான்கைந்து வீடுகளுக்குக் கொடுத்துப் பார்த்துப் பிறகு பெரிதாக்கலாம். முயல் வளர்ப்பு பற்றிய ஆலோசனைக்குக் காட்டுப்பாக்கத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

ஒரு சின்னச் சோதனை

எந்தக் கூண்டு வாங்குவது என்ற குழப்பம் தீரவில்லையா? வாங்கும் முன், கூண்டை வைக்க நினைத்த இடத்தில் பகல் இரண்டு மணிக்குப் பிள்ளையோடு கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். எழுந்து நிழலுக்குப் போகத் தோன்றினால், அது பிராணிக்கும் இடமில்லை. எழுந்து போக நம்மால் முடியும், கூண்டில் இருப்பதால் முடியாது. முதலில் இடத்தை மாற்றுங்கள், கூண்டை அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளலாம்.